தம்பிக்கும் ஒரு விளக்கு

வைகாசி 25, ஞாயிறு. நொஷாட்டல்.

இண்டைக்குத் தம்பியின்ர படத்தை மண்டபத்து மேசையில வைச்சிட்டன்.

சண்டையில செத்த எங்கட ஆக்களின்ர படங்களை வைச்சு, வருசா வருசம் அங்க விளக்குக் கொளுத்துறவை. என்ர தம்பியைச் சுட்டது ஆமிக்காரன் இல்லை, எங்கட இயக்கப் பெடியள்தான். "துரோகியின்ர படத்தை இஞ்ச வைக்கேலாது" எண்டு முந்தி, விளக்குக் கொளுத்துறதை நடத்துற தங்கராசா எல்லாருக்கும் முன்னால சொன்னவர். அதுக்குப் பிறகு நான் படத்தைக் கொண்டுபோகேல்லை.

மேல்வீட்டு ஹங்கேரிக்காரியின்ர தகப்பனையும் அவையின்ர நாட்டுக் கம்யூனிஸ்டுக்காரர்தான் துரோகி எண்டு சுட்டவையாம். அவள் கனகாலம் அரசாங்கத்தோட சண்டை பிடிச்சதால, இப்ப அங்க அவரின்ர பேரைக் கல்லில வெட்டியிருக்கினமாம். போன கிழமை அவள் அதைச் சொன்னாப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

இண்டைக்குத் தங்கராசா மேசையடிக்கு வந்து தம்பியின்ர படத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"என்ன, திரும்பவும் எடுக்கச் சொல்லப் போறியளோ?" எண்டு கேட்டன்.

"சொல்லிப்போட்டு உங்கட வாய்க்கு ஆர் பதில் சொல்லுறது, அக்கா?" எண்டார். பிறகு, இயக்கத்தில நிண்டு செத்த தன்ர தமையன்ர படத்தைக் கொஞ்சம் தள்ளிவைச்சு இடம் விட்டார். விளக்கையும் அவரே கொண்டுவந்து தந்தார்.

அவர் அண்டைக்குச் சொன்னதை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன். ஆனா தம்பி இண்டைக்கு எல்லாரோடையும் இருந்தான். நித்திரை கண்ணைச் சுத்துது, படுக்கப் போறன்.