காய்ந்த நெல்லின் சத்தம்

அண்ணே,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள், போன பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். இன்று காலை அம்மா வாசலில் நெல் காயவைத்தாள். கூடையிலிருந்து சாக்கின்மேல் நெல் விழுந்த சத்தம் கேட்டதும் என் கண் தானாக உங்கள் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கம் போயிற்று.

பெட்டி அதே மூலையில்தான் இருக்கிறது. கழற்றிக் கழற்றி மாட்டியதில் பின்பலகையின் ஒரு திருகாணி பிடிப்பதே இல்லை. பலகை அறுத்து, கோந்து பூசி, பெரிய ஸ்பீக்கர் ஒன்றும் சின்ன ட்வீட்டர் ஒன்றும் வைத்து மைக்செட் வேலைக்கென்று நீங்களே செய்த பெட்டி. உள்ளே உள்ளங்கை அகல அட்டையில் கம்பி சுற்றிய காயில் ஒன்று, கண்டன்சர் ஒன்று. அதுதான் கிராஸ்ஓவர். அம்மா அது என்னவென்று கேட்டபோது, "வாய்க்கால் மடை மாதிரிம்மா. தடிச்ச சத்தத்தைப் பெருசுக்குத் திருப்பும், மெல்லிசானதைச் சின்னதுக்கு விடும்" என்றீர்கள். மடையில் தண்ணீருக்கு நடக்கிற சண்டையும் உள்ளே நடக்குமா என்று அம்மா கேட்டாள்.

மற்றவர்கள் பாட்டுப் போட்டுப் பெட்டியைச் சோதிப்பார்கள். நீங்கள் நெல்லைப் போட்டீர்கள். அறுப்புக் கூலியை நெல்லாக அளந்து வாங்கி வளர்ந்த வீடு நம்முடையது. மரக்காலிலிருந்து சரியும்போதே காய்ந்ததா ஈரமா என்று காதால் சொல்லிவிடுவோம். காய்ந்தது சலசலக்கும். ஈரமானது மொத்தென்று அடங்கிவிடும். அம்மாவை முறத்திலிருந்து காய்ந்த நெல்லைச் சரிக்கச் சொல்லி, மைக்கைப் பக்கத்தில் பிடித்து ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தீர்கள். ட்வீட்டர் ஒழுங்காகப் பேசினால் கேசட்டிலும் அது காய்ந்த நெல்லாகக் கேட்க வேண்டும். உங்கள் சோதனை அவ்வளவுதான்.

கூலி உயர்வு கேட்டு நம் தெரு அறுப்புக்குப் போகாமல் நின்ற வருடம், களத்தில் நடந்த கூட்டத்துக்கு அந்தப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. மிராசுதார் வீட்டு வாசலில் பறந்த கொடியும் மாறியிருந்தது. அவர் இறக்கிய வெளியூர் ஆட்கள் மட்டும் எப்போதும்போல் தடியோடு வந்தார்கள். பெட்டி வண்டியிலிருந்து தலைகுப்புற விழுந்தது. அதைப் பிடிக்கக் குனிந்த உங்கள் தலையில் அடி விழுந்தது. கேஸ் நம் ஆட்கள்மேல்தான் போட்டார்கள். கூலி என்னவோ மறு அறுப்பில் கொஞ்சம் கூடியது.

காயம் ஆறி நீங்கள் முதலில் செய்த வேலை, பெட்டியை எடுத்து நெல் கேசட்டைப் போட்டதுதான். சத்தம் மந்தமாக வந்தது. திறந்து பார்த்தால் கண்டன்சரில் விரிசல். புதிதாக ஒன்று வைத்தீர்கள். எனக்குப் பளிச்சென்று கேட்டது. நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஈர நெல்லாத்தான் இருக்கு" என்றீர்கள்.

அதன்பிறகு பெட்டி மூடி இருந்த நாள் குறைவு. தஞ்சாவூருக்குப் போய் ஒரு கண்டன்சர். சென்னைக்குப் போனவரிடம் சொல்லி அதைவிட உசத்தியாக ஒன்று. தடித்த செம்புக் கம்பியில் நீங்களே சுற்றிய காயில். ஒவ்வொரு தடவையும் இயற்பியல் படித்த என்னிடம், "பி.எஸ்ஸி. காது என்ன சொல்லுது?" என்று கேட்பீர்கள். முன்பு மாதிரியேதான் இருக்கிறது என்பேன். அளவு ஒன்றாக இருந்து, பழையதும் பழுதில்லாமல் இருந்தால், உசத்தியானதை வைத்தாலும் காதுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது என்றுதான் நான் படித்ததை வைத்து நினைத்தேன். "அப்ப உசத்தின்னு விக்கிறவன்லாம் பைத்தியக்காரனா?" என்பீர்கள்.

"நல்லா பாடுற பொட்டியோட கொடலை ஏண்டா தெனம் உருவுற?" என்று அம்மா திட்டுவாள்.

ஒரு மத்தியானம் நீங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் அம்மா, வெயிலில் நன்றாகக் காய்ந்த நெல்லை வாரிச் சாக்கில் கொட்டினாள். நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்: "காயாத நெல்லை ஏம்மா மூட்டை கட்டுற? முளைச்சுடப் போவுது."

அம்மா ஒரு பிடி அள்ளி வந்து உங்கள் கையில் வைத்தாள். ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தீர்கள். கடக்கென்று உடைந்தது. நிலைப்படியில் நின்ற எனக்கே கேட்டது. உங்களுக்கு அது பல்லில்தான் தெரிந்திருக்கும். இன்னொரு மணியை எடுத்துக் கடித்தீர்கள். பிறகு கையில் இருந்ததைக் கீழே சிந்தாமல் அம்மாவின் கூடையிலேயே திரும்பப் போட்டீர்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், அன்று தலையில் பட்ட அடியில் காது நரம்பு போய்விட்டது, மெல்லிசான சத்தம் இனிக் கேட்காது, செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தனை வருடம் ஒலியைப் பற்றிப் படித்திருந்தேன்.

மறுநாளும் நீங்கள் பின்பலகையைக் கழற்றினீர்கள். அப்போதுதான் முதல்முறையாகத் தைரியம் வந்து, இனி எதற்கு அண்ணே இது என்று கேட்டேன்.

"வேற எதைத் தொறக்கச் சொல்ற, பாப்பா?" என்றீர்கள்.

காது கேட்காதவனுக்கு யார் மைக்செட் வேலை கொடுப்பார்கள் என்று அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அதனால் கல்யாண வீடுகளுக்கு நானும் வந்தேன். பெண்கள் பக்கம் போய் உட்காராமல் ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் நிற்பதற்கு எவ்வளவு கூச்சப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் கீச்சென்று போனால் முந்தானையை இழுத்துக்கொள்வேன். மந்தமானால் கழுத்தைத் தொடுவேன். நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் குமிழைத் திருப்புவீர்கள். நீடாமங்கலத்தில் ஒரு பெரியவர், "ஒங்க அண்ணன் கை பட்டாத்தாம்மா பாட்டு பாட்டா இருக்கு" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

போன மழையில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோயிற்று. அப்போதும் என்னால் பக்கத்தில் நிற்க மட்டும்தான் முடிந்தது.

இப்போது முத்துப்பேட்டையில் பள்ளிக்கூடத்தில் ஒலிப் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் பின்வரிசையில் கிசுகிசுத்தாலும் என் காதில் விழுந்துவிடுகிறது. வகுப்பில் சத்தம் கூடினால் கை தானாக முந்தானைக்குப் போகிறது. யாருக்குச் சொல்கிறேன் என்று அப்புறம்தான் நினைப்பு வரும்.

நீங்கள் கடைசியாக வைத்த கண்டன்சர் நன்றாகத்தான் இருக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியாது. சில நாள் கேசட்டில் நெல் இன்னும் தெளிவாக விழுவதுபோல் இருக்கிறது. உங்களுக்காக நானே அப்படிக் கேட்டுக்கொள்கிறேனோ என்னவோ. வேறு யாரிடம் கேட்பது?

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். அம்மா நெல்லைக் கிளறிவிட்டு உள்ளே வந்ததும் அந்தக் கேசட்டைப் போடப் போகிறேன். அண்ணே, ஒரே ஒரு தடவை பெட்டிக்கு முன்னால் வந்து உட்காருங்கள். என் முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள். காய்ந்த நெல்லா, ஈர நெல்லா என்று இந்தத் தடவை நீங்களே சொல்லுங்கள்.