செவலையின் பாலுக்கு எதிராக ஓர் ஓட்டு

கூடப் பிறக்காமலே எனக்கு அண்ணனாகிவிட்ட முத்தையா அண்ணனுக்கு,

இன்று விடியற்காலை ஒரு கனவு. உங்கள் செவலைப் பசு ஜாலான் புசார் கடைத்தெரு நடுவே தனியாக நடந்து போகிறது. டிராலி பஸ்ஸெல்லாம் ஒதுங்கி வழிவிடுகின்றன. நான் பின்னாலேயே போகிறேன், கால் தரையில் படவே இல்லை. விழித்த பிறகும் வெகுநேரம் பாயிலேயே கிடந்தேன். அது எங்கே போய்க்கொண்டிருந்தது, அண்ணே?

இங்கே தெம்பனிஸில் மழை விடவில்லை. மாட்டுக் கொட்டகை ஒழுகுகிறது. என் கிடேரி கன்று போட்டுவிட்டது. கூட்டுறவுச் சங்கத்து லோரி இப்போதும் விடிவதற்குள் வந்துவிடுகிறது. எல்லார் வீட்டுப் பாலும் ஒரே கேனில்தான் விழுகிறது.

என் வீட்டுக்காரர் தவறியபின் அவர் இடத்தில் என்னைச் சேர்க்கச் சங்கத்தில் மனமில்லை. "பொம்பளைக்கு எதுக்கு மெம்பர்?" என்றார் தலைவர். "மாட்டைக் கறக்கிறது யாரு, நீங்களா?" என்று நீங்கள் போட்ட போடில் மனிதர் என் பெயரை எழுதிக்கொண்டார். அப்படித்தான் எனக்கு ஓட்டு வந்தது. அதை முதன்முதலில் உங்களுக்கு எதிராகவே போட்டேன்.

கறந்த பால் முழுவதும் சங்கத்துக்கே என்பது விதி. நீங்களோ செவலையின் பாலை மட்டும் தனியே எடுத்து வைத்து, ஜாலான் புசாரில் இருந்த தாயில்லாத கைக்குழந்தைக்குக் கொண்டுபோனீர்கள். பச்சைப்பிள்ளைக்கு ஒரே மாட்டுப் பால்தான் ஆகும், கலப்புப் பால் ஆகாது என்பது நம் வழக்கம். "பிள்ளை கொஞ்சம் தேறட்டும் லா, அப்புறம் எல்லாத்தையும் கேன்லயே ஊத்திடுறேன்" என்று கூட்டத்தில் கெஞ்சினீர்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னால் சங்கம் எதற்கு என்றார் தலைவர். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உங்களை நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நான் அக்கம்பக்கம் பார்த்தேன். எல்லாக் கைகளும் மேலே. என் கையும் மேலே போய்விட்டது.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தீர்கள். "தங்கச்சி, மழை வரப்போகுது, சீக்கிரம் வீட்டுக்குப் போ" என்றீர்கள். அவ்வளவுதான். திட்டியிருக்கக் கூடாதா? மன்னிப்புக் கேட்பதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். கைக்குழந்தைக்கென்று கேட்டால் ஒரு மாட்டுப் பாலைத் தனியே கொடுக்க விதியில் இடம் வேண்டும் என்று எழுந்து சொன்னேன். "யாரெல்லாம் சரிங்கிறீங்க?" என்றார் தலைவர். கையைத் தூக்கினேன். இந்த முறை அக்கம்பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடும் என்று பயம்.

"ஒண்ணு" என்று எண்ணி நிறுத்தினார்.

தோற்றுவிட்டேன், அண்ணே. வெட்கமாக இல்லை. அடுத்த கூட்டத்திலும் தூக்குவேன், அதற்கடுத்த கூட்டத்திலும். அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் "ஒண்ணு" என்று எண்ணட்டும். அன்றைக்கு உங்கள் பக்கம் அந்த ஒண்ணுகூட இல்லையே.

உங்கள் தங்கச்சியாகவே இருக்கும்,
செல்லம்மா