படிக்காமல் மடித்த சீட்டு

வியாழன், இரவு

உடம்பு அசந்துவிட்டது, தூக்கம்தான் வரவில்லை.

இன்று கல்லூரியில் உடல்நல வகுப்பு. பெயர் போடாமல் சந்தேகத்தை எழுதி டப்பாவில் போடச் சொன்னார்கள். சீட்டுகளைப் படிப்பது என் வேலை. வெளியிலிருந்து வந்த டாக்டரம்மா பதில் சொன்னார். மாதவிடாயோ மதுவோ, எதைக் கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை.

ஏழாவது சீட்டைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. ‘அவன் குடுத்தான்னு சிகரெட் பிடிச்சேன். இப்ப வேணாம்னா கோச்சிக்கிறான். எப்படி விடுறது?’ என் அறைத்தோழி நிவேதாவின் கையெழுத்து. மூன்று வருடமாக அவள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தானே எழுதுகிறேன். மாட்டிக்கொள்வாளே என்று அதை மடித்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.

மாலை மெஸ்ஸில் அவளே கேட்டாள்.

“என் சீட்டு இன்னாடி ஆச்சு?”

“எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு படிக்கல.”

“பேரே போடலியே. உனக்கு மட்டும்தான தெரியும், அந்த தைரியத்துலதான் எழுதுனேன்.” தட்டைத் தள்ளி வைத்தாள். “அந்தம்மா இன்னா சொல்லுவாங்கன்னு கடைசி வரைக்கும் உக்காந்துகினு இருந்தேன்.”

டாக்டரம்மா அதற்குள் ஊரப்பாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். நாளை தேடிப் போகலாம் என்றேன். சனிக்கிழமை அவன் மாமல்லபுரம் கூப்பிட்டிருக்கிறானாம், அங்கேயும் சிகரெட்டை நீட்டுவானாம்.

இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. சீட்டு இந்த டைரிக்குள்தான் இருக்கிறது. மாட்டிக்கொள்வாள் என்று பயந்தேனா? கேட்க அவள் வெட்கப்படவில்லை. வாய்விட்டுப் படிக்க எனக்குத்தான் வெட்கம்.