‘மணம் சரி’ என்று நீ எழுதிய கட்டம்

இன்று காலை ரோஜா எசென்ஸ் குப்பியைத் திறந்ததும் உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அதெல்லாம் கிடையாது.

கள்ளக்குறிச்சியில் நம் சோடா கம்பெனி லேப் ஒரே அறைதான். பன்னீர் சோடாவில் ரோஜா மணம் எவ்வளவு என்று நான் மெஷினில் அளப்பேன். நீ மோந்து பார்ப்பாய். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் சரக்கு வண்டி ஏறும். தியாகதுருகம் பஸ்ஸில் யார் தலையில் என்ன எண்ணெய் என்று சொல்லி என்னைச் சிரிக்கவைத்த மூக்கு உன்னுடையது.

ஒரு காய்ச்சலோடு அது போய்விட்டது. “ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுடி. சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ நம்பர சொல்லு, நான் எழுதிகினு போறேன்,” என்றாய். எட்டு மாதம் அப்படியே ஓட்டினோம். நான் சொல்வேன், நீ ரிஜிஸ்டரில் உன் கட்டத்தில் ‘மணம் சரி’ என்று எழுதுவாய்.

மெஷினுக்கு ஒப்பிட்டுக் காட்ட, அளவு தெரிந்த ரோஜாக் கரைசலை வாராவாரம் புதிதாகக் கலக்க வேண்டும். ஒரு வாரம் சோம்பல்பட்டுப் பழையதையே வைத்தேன். மூடி இறுகாமல் அதிலிருந்த ஸ்பிரிட் ஆவியாகி, கரைசல் அடர்த்தியாகியிருந்தது. அதனால் எசென்ஸ் இருமடங்கு விழுந்த சரக்கையும் மெஷின் சரியென்றது. நான் சொன்னேன், நீ எழுதினாய். மூங்கில்துறைப்பட்டுக் கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்தன. ஊதுவத்தியைக் கரைத்துக் குடிப்பது போல இருக்கிறதாம்.

தப்பு என்னுடையது என்று உன்னிடம் அழுதுகொண்டே சொன்னேன். சற்று நேரத்தில் முதலாளி வந்து, “இன்னாம்மா, மெஷின் தப்பா, மூக்கு தப்பா?” என்றார். மெஷின் என்றால், மூக்கு ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு பேரும் போக வேண்டியதுதான். நான் குனிந்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“மூக்குதாங்க. மெஷினுக்குப் பழைய கரைசல வச்சதும் நான்தான்,” என்றாய் நீ. அன்றோடு உன்னை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது இரண்டு கட்டத்திலும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். வேலையை விட்டால் நீ காப்பாற்றிக் கொடுத்ததை உதறியதாகும். உண்மையைச் சொன்னால், மூக்கு போனதை மறைத்தவள் என்று உன் பெயர்தான் கெடும். இப்படி வசமாக மாட்டிவிட்டுப் போய்விட்டாயே.

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். “என்னாலதான் கம்பெனிக்குக் கெட்ட பேருன்னு அம்மா கடைசி வரிக்கும் சொல்லிகினே இருந்துச்சு. நெசமா அத்த?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா,” என்றேன். அந்தப் பதிலோடுதான் தினமும் லேப்புக்குப் போகிறேன்.