எத்தனை எஞ்சின் என்று கேள்

என் சின்னவளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாமல் எதையாவது வாயில் போட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை, பதறாதே. அப்பாவின் முழங்கால் பழையபடி மக்கர் பண்ணுகிறது, அக்கா புது வீட்டுக்குச் சாமான் எடுக்க வந்தவள் என் நல்ல குக்கரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அவ்வளவுதான் சேதி. உன் போனுக்கு விடாமல் அடித்துப் பார்த்தேன். வேலை நேரத்தில் அதை வாங்கிப் பூட்டிவிடுவார்கள், மேசைக் கம்ப்யூட்டரில் மெயில் மட்டும் பார்ப்பாய் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவசரத்தில் அடிக்கிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே.

என் ராக்கெட் கூட்டாளிகளை உனக்குத் தெரியும். ராக்கெட், போர் விமானம் என்று பைத்தியம் பிடித்து நெட்டில் சேர்ந்த கூட்டம், ஒருவர் முகமோ பெயரோ போன் நம்பரோ இன்னொருவருக்குத் தெரியாது. இந்த வயதில் அம்மாவுக்கு இதெல்லாம் தேவையா என்று நீயும் அக்காவும் கிண்டல் பண்ணுவீர்களே, அதே கூட்டம்தான். ராக்கெட் கிளம்பும் முன்னால் நான் ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன், அவரவர் "தயார்" என்று போட வேண்டும், அதனால் எனக்குக் கன்ட்ரோல் அக்கா என்று பட்டம். அதில் லிஃப்ட்காரர் என்று ஒருவர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர், வீட்டில் தனி ஆள், இருப்பது நீ இருக்கும் ஊரில். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு தடவை நடு மாடியில் நின்றுபோன லிஃப்டின் தலையில் உட்கார்ந்துகொண்டே "தயார்" போட்ட மனுஷன் அவர். இன்று காலை ஒரு ராக்கெட் போயிற்று. அவரைக் கூப்பிட்டேன், திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், சத்தமே இல்லை. நமக்காக ராக்கெட் நிற்குமா, அது பாட்டுக்குப் போய்விட்டது, நான் அதைப் பார்க்கக்கூட இல்லை.

விஷயம் நேற்றுச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது, எனக்குத்தான் உறைக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் போர் விமானம் ஒன்றைப் பின்னாலிருந்து எடுத்த படம் போட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எஞ்சின் வாய், மேலே இரண்டு வால், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். லிஃப்ட்காரர் வந்து, ஒற்றை எஞ்சின், ஒற்றை வால், இது என்ன ரகம் என்று கேட்கிறார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே ரகம் சொல்லுகிற ஆள்! விளையாடுகிறார் என்று நினைத்து எல்லோரும் ஓட்டினோம், நான்தான் அதிகம். கண்ணாடியைத் துடைத்துப் போடுங்கள் அண்ணே என்றேன். "இல்லக்கா, நல்லாப் பாத்துட்டேன், ஒண்ணுதான் இருக்கு" என்று போட்டார். அதோடு சரி.

இன்று மத்தியானம் எங்கள் பிசியோதெரபி மையத்தில், பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருக்கிற ஒரு அம்மாவுக்குத் தட்டில் பிஸ்கட் வைத்துக் கொடுத்தேன். வலது பக்கம் இருந்ததை மட்டும் தின்றுவிட்டு, தீர்ந்துபோச்சு, இன்னும் இருக்கா என்று கேட்டார். இடது பக்கம் அப்படியே இருக்கிறது. சிலருக்கு இப்படி ஒரு பக்கமே இல்லாமல் போய்விடும், இல்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது என்று எங்கள் டாக்டரம்மா சொன்னார். எனக்கு லிஃப்ட்காரரின் ஒற்றை எஞ்சின்தான் ஞாபகம் வந்தது. விமானப் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தூரத்திலிருந்து என்னால் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் யாராவது அவரை உடனே போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

யார் போவார்கள்? கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் வேறு வேறு மூலையில். ஒருவர் அந்த ஊர்ப் போலீசுக்குப் பேசினார், பெயர் என்ன விலாசம் என்ன என்று கேட்டார்களாம், லிஃப்ட்காரர் என்று சொன்னால் என்ன செய்வார்கள். ஆனால் அவர் பால்கனியிலிருந்து எடுத்த படங்களில் எப்போதும் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வரும். புதுச் செருப்பைக் காட்ட நீ பஸ் ஸ்டாப்பில் நின்று அனுப்பினாயே ஒரு படம், அதில் உன் பின்னால் அதே தொட்டி. தொட்டிக்கு எதிரே உள்ள கட்டடம், மேல் மாடி, பால்கனிக் கம்பியில் சோப்புப் பாட்டிலில் செய்த ராக்கெட் தொங்கும். அதுதான் வீடு.

அப்பா கத்துகிறார். "முகந்தெரியாத ஆள் வீட்டு வாசல்ல நம்ம பொண்ணக் கொண்டு போய் நிறுத்தப் போறியா?" என்கிறார். நெட்டில் பழகுகிறவர்களை நம்பாதே என்று உனக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். உன்னை அனுப்பவும் பயமாக இருக்கிறது, அனுப்பாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. அதனால் தனியாகப் போகாதே. உன் அறைத்தோழியைக் கூட்டிக்கொள், கீழே வாட்ச்மேனையும் கூப்பிட்டுக்கொள், உள்ளே காலை வைக்காதே. கதவு திறக்கவில்லை என்றால் வாட்ச்மேனை விடாதே, எப்படியாவது திறக்கச் சொல்.

திறந்தால், கன்ட்ரோல் அக்கா மகள் என்று சொல். இதோடு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறேன், அதைக் காட்டி எத்தனை எஞ்சின் என்று கேள். இரண்டு என்றால் என் சார்பில் நன்றாக நாலு திட்டு திட்டிவிட்டு வா. ஒன்று என்றால் வாதாடாதே, சிரிக்காதே, நான் சிரித்தது போதும். எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், நம்பாதே, அங்கேயே நின்று ஆம்புலன்சைக் கூப்பிடு.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்டது எல்லாம் நல்லதாக முடிய வேண்டும். போனைச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போ, அதில் மட்டும் அசட்டையாக இருக்காதே. கிளம்பும்போது எனக்கு ஒரே ஒரு வார்த்தை போடு, தயார் என்று.

போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கும்
அம்மா