தொண்ணூற்றைந்து டிகிரி

ஆகஸ்ட் 9, செவ்வாய்

பத்தாம் வகுப்புக்கு இன்று செய்முறை: செம்பின் தன்வெப்பம். செம்புக்கட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் இறக்கி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்ப்பது. கொதிநீர் என்றால் நூறு டிகிரி, அதை அளக்க வேண்டாம், நேரே எழுதுங்கள் என்றேன். எல்லோருக்கும் 360-ஐ ஒட்டி வந்தது. புத்தகத்தில் 385. கொஞ்சம் சூடு வீணாகியிருக்கும்.

டெல்மா அபெட்டோவுக்கு மட்டும் 386. ஏட்டைப் புரட்டினால், கொதிநீர் 95 என்று எழுதியிருக்கிறாள்! விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற எண்ணைச் செருகியிருக்கிறாள், வேறென்ன?

"தெர்மாமீட்டர் போட்டுப் பாத்துதான் எழுதினேன் சார்."

"தண்ணி உனக்கு மட்டும் தனியாக் கொதிச்சுதா?"

வகுப்பே சிரித்தது. சைபர் போட்டேன். இந்த மதிப்பெண் தலைநகருக்குப் போகும், பதினொன்றாம் வகுப்பில் இடம் கிடைப்பது இதை வைத்துத்தான். தெரிந்தேதான் போட்டேன்.

ஆகஸ்ட் 11

மழை. மறுபடியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் டின் மீனும். கடல் பார்த்து ஏழு மாதம்.

ஆகஸ்ட் 18, வியாழன்

பள்ளியில் இருக்கும் மூன்று தெர்மாமீட்டர்களையும் சரிபார்த்தேன். ஐஸில் மூன்றும் சைபர். கொதிநீரில் மூன்றும் 95.

மூன்றுமா கெட்டுப்போகும்?

கணக்கு வாத்தியார் சாக்கியாஸ் எட்டிப் பார்த்தார். உள்ளூர்க்காரர். "என்னப்பா கடற்கரை ஆளு, தண்ணிகூட உன்ன ஏமாத்துதா? இது கோரோக்கா. இந்த மலை மேல தண்ணி நூறு வரைக்கும் எங்க போகும்?"

உயரம் ஏற ஏறக் கொதிநிலை குறையும் - போன மாதம் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதியவனே நான்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அந்தப் பெண் பார்த்து எழுதினாள். நான் பார்க்காமல் அவளைத் திருடி ஆக்கினேன்.

ஆகஸ்ட் 22

மதிப்பெண் பட்டியல் வெள்ளிக்கிழமை தலைநகருக்குப் போகிறது. இன்னும் திருத்தலாம். ஆனால் அன்று சிரித்த அந்த முப்பத்தெட்டு பேர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? நாளைக்குச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 24

நாளைக்கு.

ஆகஸ்ட் 29, திங்கள்

போய்விட்டது. இன்றுதான் தலைமையாசிரியையிடம் சொன்னேன். "பத்து நாளா என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். என்ன சொல்ல? வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன் என்றா? தலைநகருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 2

டெல்மாவைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் வைத்துச் சிரிக்க வைத்தவன், மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்கிறேன்.

அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "அன்னைக்கே மத்த ரெண்டு தெர்மாமீட்டரையும் போட்டுப் பாத்துட்டேன் சார். நீங்களும் ஒரு தடவ பாப்பீங்கன்னு நெனச்சேன்."

ஜனவரி 16

பதினொன்றாம் வகுப்புக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. என் கடிதத்துக்குப் பதில் வரவேயில்லை. மதிப்பெண் போகுமுன் இருந்த அந்த எட்டு நாளில் ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால் போதும். பாவி.

பிப்ரவரி 21, செவ்வாய்

புதிய பத்தாம் வகுப்பு, அதே செம்புக்கட்டி. கொதிநீரை நீங்களே அளந்து எழுதுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். நாற்பது ஏடுகளிலும் 100.

முதல் மேசைப் பெண்ணின் தெர்மாமீட்டர் அப்போதும் நீருக்குள்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன், 95.

"இதைப் பாத்துட்டே எதுக்கும்மா நூறுன்னு எழுதினே?"

அவள் ஏட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தொண்ணூத்தஞ்சுன்னு எழுதின அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார்."