இருபத்திரண்டு பேருக்கு நல்ல நாள்

18-3-1976, வியாழன். மெல்பேர்ண்.

எருசலேமுக்கும் மசாடா மலைக்கோட்டைக்கும் போகும் யூதக் குழுவின் இருபத்திரண்டு விமானச் சீட்டுகளையும் வெள்ளிக்கிழமை இரவுக்குப் பதிந்தவன் நான்தான். நல்ல காரியத்துக்கு வெள்ளியை விட்டால் வேறு நாள் உண்டா என்ற நினைப்பு. குழுத் தலைவி ரூத் இன்று எங்கள் பயண அலுவலகத்துக்கு வந்தார். சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வெள்ளி பொழுதுபட்டதும் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடுமாம், பயணமே கூடாதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செவ்வாய்க்கு மாற்றச் சொன்னார். உலகத்தைப் படைத்தபோது கடவுள் அன்றுதான் இரண்டு தரம் 'நல்லது' என்றாராம். நல்லவேளை, இடம் இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"செவ்வாயில ஆரும் பயணம் வெளிக்கிடுவினமோ?" என்றாள்.

மல்கிரேவில் நாங்கள் வாங்கிய வீட்டின் திறப்புச் சாவியை வருகிற செவ்வாய்தான் தருகிறார்கள். அந்த நாள் வேண்டாமென்று மூன்று நாளாக என்னோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். சோறு போட்டபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கடவுள் ரெண்டு தரம் சொன்னவரெண்டால் சரியப்பா, செவ்வாயே திறப்பை வாங்குங்கோ. பாலை மட்டும் வெள்ளிக்கிழமை காய்ச்சுவம்."